முக்கால் டம்ளர்

கேரட் மூட்டை அறுபத்திரண்டு.
அதுபோக ஒரு சரக்கு, பில்லில் ஏறாதது:
கடலை எண்ணெய் தீர்ந்த பாட்டில்.
சீயக்காய் போட்டுக் கழுவி, காயவைத்து,
மூடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கி
சுகிர்தா என் கையில் தந்தாள்.
"உள்ள இருக்கிறது பாலாடா காத்து.
வழியில திறந்துறாதீங்கப்பா."

கூடவே ஒரு தாள்.
ஸ்கேல் வைத்து இழுத்த பதினாலு கட்டம்,
கொண்டை ஊசிக்கு ஒன்று.
ஒவ்வொரு வளைவும் தாண்டி ஓரங்கட்டி
பாட்டிலைப் பார்க்கணும், பார்த்ததை எழுதணும்.
நினைச்சதை எழுதக் கூடாதாம்.

ராத்திரி ஒரு மணி, குன்னூருக்குக் கீழே.
முதல் வளைவில் ஒன்றுமில்லை.
'ஒன்றுமில்லை' என்றே எழுதினேன்.
நாலாவதில் 'டக்' என்றது.
பத்து வருஷமாய் இந்த இறக்கத்தில்
என் காது அடைக்கும்,
கொட்டாவி விட்டுத் திறந்துகொள்வேன்.
இதற்கு வாய் மூடியிருந்தது.
ஆறாவதில் இடுப்பு ஒடுங்கியது.
எட்டில் ஒரு பக்கம் உள்ளே போனது,
பசியில் கன்னம் போகுமே, அப்படி.

ஒன்பதில் எதிரே பஸ்.
ரிவர்ஸ், விசில், வசவு.
பாட்டில் ஞாபகமே இல்லை.

மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை இறக்கிய காசி
நசுங்கிக் கிடந்ததைப் பார்த்து
"குப்பைதானே அண்ணே" என்று கையை ஓங்கினான்.
பாய்ந்து பிடித்தேன்.
மண்டியே சிரித்தது.

காலி வண்டி. ஏற்றம்.
வீட்டு வாசலில் எடுத்துப் பார்க்கிறேன்,
நிமிர்ந்துவிட்டது பாட்டில்,
எங்கும் போகாதது போல.
"அப்பா சும்மா சொல்றாரு" என்றான் ஜெபின்.
சாட்சிக்கு என்னிடம் ஒரு தாள்தான்.

சுகிர்தா பாட்டிலைத் தொடவில்லை.
தாளை வெளிச்சத்தில் பிடித்து
ஒன்பதாம் கட்டத்தில் விரல் வைத்தாள்.
"மத்த எழுத்தெல்லாம் எஞ்சின் நடுக்கத்துல கோணியிருக்கு.
இது மட்டும் எப்படி நேரா இருக்கு?"

மண்டியில் டீ குடித்துக்கொண்டே எழுதியது அது.
'இன்னும் ஒடுங்கியது.'
ஒடுங்காமலா இருந்திருக்கும்?

ரப்பர் எடுத்து அழித்தாள்.
'பார்க்கவில்லை' என்று எழுதச் சொன்னாள்.
அதுவும் கணக்கில் சேருமாம்.
எழுதினேன்.
லைசென்ஸ் வாங்கக் கையெழுத்துப் போட்டபோதும்
கை இப்படிக் கூசியதில்லை.

அடுத்த நடைக்கு வேறு உத்தரவு.
கீழே போனதும் வாளித் தண்ணிக்குள்
பாட்டிலைத் தலைகீழாய் அமுக்கி
அங்கேயே மூடியைத் திறக்கணும்,
அங்கேயே மூடணும்.
விடியற்காலை நாலரை மணி.
காசி வாளியைப் பிடித்தான்.
தராசுக்காரர் டார்ச் அடித்தார்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
நிமிர்ந்துகொண்டே குடித்தது பாட்டில்.

அந்தத் தண்ணியை மலையேற்றி
சமையல்கட்டில் எஸ்தரின் காப்பி டம்ளரில் ஊற்றினோம்.
முக்கால்.
கழுத்தைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி
மூன்று பேரும் பார்த்தோம்: முக்கால்தான்.

"ஒரு பாட்டிலுக்கு இவ்ளோ கம்மி
நம்ம வீட்டுக் காத்து."
ஜெபின் மூச்சை இழுத்து நெஞ்சில் அடைத்து
முகம் சிவக்க நின்று, விட்டான்.
"எனக்குப் போதுதே."

அடுப்புப் பக்கம் திரும்பியபடியே எஸ்தர் சொன்னாள்:
"காத்து அமுக்கினாத்தான் கொதியில சூடு ஏறுமாம்,
இவ நேத்து சொன்னா.
நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து
பருப்பைத் திட்டிட்டிருக்கேன்."

தண்ணியை யார் குடிப்பது என்று சண்டை.
யாரும் பார்க்காதபோது
காப்பித்தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டாள் எஸ்தர்.

தாள் இன்னும் அரிசி டின்னுக்கு மேலே ஒட்டியிருக்கிறது.
பதிமூன்று கட்டத்தில் கோணல் எழுத்து.
ஒன்பதாவது வளைவில் இப்போதெல்லாம்
பாட்டில் இல்லாத நாளிலும்
ஓரங்கட்டிவிட்டுத்தான் போகிறேன்.