சாம்பலில் இருந்த சிவப்பு

நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
ஜனவரி முடியும்வரை ஈசாஃப்யோர்த்துருக்கு வராது.
வெளிச்சம் வரையக் கற்றுக்கொள்ள
இந்த மாதங்களைப் பார்த்துப் பிடித்தேன்,
கெட்டிக்காரிதான்.

மீன் ஆலையின் ஓய்வறை.
டேப்லெட் திரையில் செதில் ஒன்று காய்ந்து ஒட்டியிருக்கிறது.
எதிரே பொகுமில், ரொட்டியை மென்றபடி.
அவன் தோளை ஐந்து நாளாகச்
சட்டை மாட்டும் கொக்கியாகவே வரைந்துகொண்டிருந்தேன்.
இன்று பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கி
வலது காலில் நின்றான்:
வலது இடுப்பு ஏறியது, வலது தோள் இறங்கியது.
எடை எங்கே போகிறதென்று
எலும்புக்குத்தான் தெரிந்திருக்கிறது.

நிழலுக்குக் கறுப்பை எடுத்தேன்.
முகம் கரி அப்பிக்கொண்டு செத்தது.
இரண்டு விரலால் தட்ட, அழிந்தது.
காலையிலிருந்து நானூறு மீன் அறுத்திருப்பேன்.
ஒன்றைக்கூட இப்படித் திரும்ப வாங்க முடியாது.

பிறகு அவன் புகைப்படத்தில், உதட்டின்மேல்,
நிறமெடுக்கும் கருவியை வைத்தேன்.
சிவப்பு என்று சத்தியமே செய்திருப்பேன்.
வந்தது சாம்பல்.
வெறும் சாம்பல்.
ட்யூப்லைட் பூசிய நீலப்பச்சைக் கன்னங்கள்
அதைச் சிவப்பென்று என்னிடம் விற்றிருக்கின்றன.
அந்தச் சாம்பலையே வைத்தேன்.
உதடு மூச்சுவிட்டது.

“மூக்கு பெரிசு, ஹால்பெரா” என்றான் எட்டிப் பார்த்து.
மூக்கை மாற்றவில்லை.

மணி அடித்தது. ஒரு கையுறை மாட்டி,
மற்றதை மறந்து நின்றேன்.
ஜன்னலுக்கு வெளியே
இருட்டு என்றே நான் சொல்லிவந்த பனியில்
ஊதா, ஈயம்,
அப்புறம் எதில் சேர்ப்பதென்று தெரியாத ஒன்று.