கல் ஆறும்வரை

பகலில் எனக்குப் புகைபோக்கிகளோடு பிழைப்பு.
ஓசூர் சிப்காட்டில் ஆள் ஏறமுடியாத உயரத்துக்கு
நான்கு கண்ணுள்ள ஒன்றை அனுப்பி
விரிசல் எத்தனை, துரு எத்தனை,
எந்த மூட்டில் சூடு கசிகிறது என்று
எண்ணிக் கொடுப்பேன். ஜிஎஸ்டி தனி.

அன்று இரவு ஒன்பதரைக்கு
பர்கூர் தீயணைப்பு நிலையம் அழைத்தது.
ஜெகதேவி தாண்டி ஒரு கல்குவாரி.
சாயங்காலம் வெடி வைத்தபின்
ஆள் ஒருவன் குறைகிறான்.

பேர் என்ன என்றேன்.
மேஸ்திரி திம்மராயன் வருகைப் பதிவேட்டை
டார்ச் வெளிச்சத்தில் திருப்பினார்.
இந்தி-1, இந்தி-2, இந்தி-3.
இந்தி-4க்கு நேரே மட்டும்
மாலைக் கைநாட்டு இல்லை.

ஏவினேன்.
அகலக் கண்ணுக்கு இருட்டு.
பெருக்கிக் காட்டும் கண்ணுக்குப் பெரிய இருட்டு.
லேசர் சொன்னது:
எதிர்ச்சுவர் இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
வெப்பக் கண்ணைத் திறந்தேன்.
திரை முழுக்க வெள்ளை.

காலையிலிருந்து சித்திரை வெயிலைக் குடித்த கல்
விட மனமில்லாமல் வைத்திருந்தது.
ஒவ்வொரு பாறையும் முப்பத்தாறு, முப்பத்தேழு.
குவாரி நிறைய ஆட்கள் படுத்திருப்பதுபோல.
எந்தக் கல்லுக்கு மூச்சிருக்கிறதென்று
நான்கு கண்ணில் ஒன்றும் சொல்லவில்லை.

"வெடிக்காத தோட்டா ரெண்டு உள்ள கெடக்கு,
இருட்டுல என் பசங்கள எறக்க மாட்டேன்"
என்றார் நிலைய அலுவலர் அங்கப்பன்.
"இப்ப என்னம்மா பண்றது?"

கல் ஆறணும் சார்.

"எவ்ளோ நேரம்?"

கல்லைத்தான் கேக்கணும்.

பேட்டரி மாற்றி மாற்றி மேலே அனுப்பினேன்.
பன்னிரண்டுக்கு முப்பத்துமூன்று.
ஒன்றரைக்கு முப்பது.
யாரிடமும் சொல்லாத கணக்கொன்று என்னிடம் இருந்தது:
செத்த உடம்பும் ஆறும்.
கல்லோடு கல்லாக,
திரையில் ஒரு சண்டையும் போடாமல்.
கல் குளிரக் குளிர
எனக்கு வேர்த்தது.
யாரோ நீட்டிய டீ
கையிலேயே ஆறிப்போனது.

மூன்று பத்து.
வடகிழக்குப் படியில், டிப்பர் பாதைக்குக் கீழே,
ஆறாமல் ஒன்று.
சுண்டுவிரல் நகம் அளவு.
குறிவைத்தேன். நூற்று நாற்பத்தெட்டு மீட்டர்.
வெப்பம் முப்பத்துநான்கு புள்ளி ஆறு.
அட்சரேகை, தீர்க்கரேகை,
புள்ளிக்குப் பின்னால் ஏழு இலக்கம்.
இவ்வளவும் தெரிந்தது.
ஒலிபெருக்கியைத் திறந்தபோதுதான்
கூப்பிட ஒன்றுமில்லை என்று உறைத்தது.

இந்தி-4 என்றா?

"பாயி" என்றேன்.
என் குரல் மேலே போய்
வேறு யாரோ பேசுவதுபோல் குழிக்குள் விழுந்தது.
"பாயி, அசையாதீங்க, வந்துட்டிருக்கோம்."
அதற்குமேல் என்னிடம் இருந்தது தமிழ் மட்டும்.

நகத்தளவு வெள்ளையிலிருந்து
ஒரு கிளை கிளம்பியது.
கை.

மறுநாள் கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில்
இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவன் சொன்னான்,
சுக்ராம் ஹேம்ப்ரம்.
வீட்டில் பேசுவது சந்தாலியாம்.
இந்தி, வேலைக்கு வந்த இடத்தில் கற்றுக்கொண்டது.

என் அறிக்கைப் படிவத்தில்
'கண்டறியப்பட்டவை' என்றொரு கட்டம்.
விடியற்காலையில் அதில்
'ஒன்று' என்று எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டுப் பேரை எழுதினேன்,
எழுத்துக் கேட்டுக் கேட்டு.
கட்டம் போதவில்லை.

அவன் கட்டிலுக்கடியில்
மெருகேற்றிய கருங்கல் தரை.
வெறுங்காலோடு நின்றேன்.
சில்லென்றிருந்தது.