இரண்டாம் கட்டு இல்லாதது

சிவகங்கைக் கல்லிலிருந்து ஒரு செதில்.
கரிதான். விரலில் ஒட்டினால்
மூன்று தரம் சோப்பு கேட்கிற கரி.
அதன்மேல் டேப்பை அழுத்தி உரிக்கிறேன்,
மடித்து ஒட்டி மறுபடி உரிக்கிறேன்.
பாதி. பாதியில் பாதி.

காரைக்குடியில் இரவு பதினொன்றே கால்.
ஆய்வகத்தில் நானும் ஏசியின் இருமலும்.
டொரண்டோவிலிருந்து சாத்தப்பன்,
பெரிய வீட்டுப் பங்கு விஷயமாய்:
"நாப்பத்தெட்டுல ஒண்ணு, ஆச்சி.
அதையும் மூணாப் பிரிச்சா
ஒரு தூணுகூட முழுசா வராது."
ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உரிக்கிறேன்.
"என்ன சத்தம் அது?"
"நானும் பாகம்தான் பிரிக்கிறேன்."

உரித்துக்கொண்டே போனால் ஓரிடத்தில்
ஒன்றே ஒன்று மிஞ்சும், ஓரணுக் கனத்தில்.
எங்கள் பத்திரங்கள் எதுவும் எட்டாத இடம்:
இதற்குக் கீழே பங்கில்லை.

கிராஃபீன்.
முகப்பு உண்டு.
வளவு இல்லை, இரண்டாம் கட்டு இல்லை,
சாவி தொலைந்த சாமான் அறை இல்லை,
அழுவதற்கென்று ஒதுங்க ஒரு பின்கட்டு
இல்லவே இல்லை.
விழுகிற வெளிச்சத்தில்
நூற்றுக்கு இரண்டே சொச்சம் எடுத்துக்கொண்டு
மிச்சத்தை அப்படியே விட்டுவிடும்.
எங்கள் தெருவில் இவ்வளவு குறைந்த வட்டி
யாரும் வாங்கியதில்லை.

ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு கை.
மூன்று, பக்கத்துப் புள்ளிகளைப் பிடித்துக்கொள்ள
அறுகோணம் அறுகோணமாய் ஊர் நிற்கும்.
நாலாவது எந்த வீட்டோடும் தங்காது.
ஊரெல்லாம் அதன் அலைச்சல்.
மின்சாரம் ஓடுவது அதனால்தான்.

எங்கள் கோயில் கணக்கில்
கல்யாணமான ஜோடிதான் ஒரு புள்ளி.
எனக்கு முப்பத்தாறு.
விசேஷ வீடுகளில் யாராவது
குரலைத் தாழ்த்தி விசாரிக்கும்போது
அந்த நாலாவது கையைப் பற்றிச் சொல்ல நினைப்பேன்.
பந்தியில் பால்பணியாரம் வந்துவிடும்.

நுண்ணோக்கியில் குனிகிறேன்.
தடித்த மஞ்சள் திட்டுகள், நீலம், குப்பை,
பசை, பசை,
பிறகு ஓரத்தில்
இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி
ஓர் ஊதா நிழல்.
தும்மல் வருகிறது. முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

"ஆச்சி, இருக்கீகளா? வித்துரலாமா?"
"இரு. ஒண்ணு கிடைச்சிருக்கு."
"எம்புட்டுப் பெருசு?"
"தலைமுடியைக் குறுக்கே வெட்டினா, அதுல பாதி."
"யாரு யாருக்குப் பங்கு?"
சிரிக்கிறான்.

"இதைப் பிரிக்க முடியாது, சாத்தப்பா."

மறுமுனையில் டொரண்டோவின் மதியம்.
யாரோ கார்க்கதவைச் சாத்துகிறார்கள்.
அவன் என்னவோ கேட்கிறான்,
நான் குவியத்தை இன்னும் ஒரு நூல்
திருகிக்கொண்டிருக்கிறேன்.