முப்பதைத் தாண்டினால்

முப்பதைத் தாண்டினால் கத்துகிறது என்றேன்.
டோர்கெல் கையுறையைக் கழற்றினான்.
இருவருமாய் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி
இரும்புத் தாங்கியில் வைத்தோம்.
டிராக் தரையில் படாமல் தொங்கியது,
இடுக்கிலிருந்த பனி உருகிச் சொட்டச் சொட்ட.

ஹொர்னாவன் ஏரியின் மேல் என் வேலை.
விடியும் முன் துளையிட்டு
உறைந்த நீரின் கனத்தை அளந்து எழுதுவேன்.
ஒன்பது மணிக்கு அதன்மேல்
பெயர் வைக்காத புதுக் கார்கள் சறுக்கிப் பழகும்.
நாற்பத்தாறு சென்டிமீட்டர் என்று எழுதினால்
நாற்பத்தாறு இருந்தாக வேண்டும்.
அளவுகோல் பிறகுதான். முதலில் காது.
நல்ல பனிக்கட்டி அடித்தொண்டையில் முனகும்.
கெட்டது வாயைத் திறக்காது.
பத்து நாளாக இந்தக் கீச்சு
எனக்கும் ஏரிக்கும் நடுவில் புகுந்துகொண்டு
ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க விடவில்லை.

முறுக்கினான்.
இருபது. இருபத்தெட்டு.
முப்பத்திரண்டில் எனக்குப் பல் கூசியது.
மூலையில் படுத்திருந்த நாய்
எழுந்து வெளியே போய்விட்டது.

"வந்துச்சுன்னா சொல்லு" என்றான்.

முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.
அந்த உயரத்து ஒலிகள்
அவன் காதை விட்டுப் போயிருந்தன.
எப்போது?
கெட்டில் வீறிட்டு வீறிட்டு நீர் வற்றி
அடி கருகிய அந்தக் குளிர்காலத்திலேயே போய்விட்டதா?
இரண்டடி தள்ளி உட்கார்ந்து
செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்தானே,
வேண்டுமென்றே செய்கிறான் என்று
நானும் வீறிட்டேனே.

"வந்துடுச்சு" என்றேன்.
"எப்படி இருக்கு?"

தகரத்தில் ஆணி இழுப்பது போல என்று தொடங்கி
இல்லை என்றேன். அவ்வளவு கரகரப்பு இல்லை.
பூனைக்குட்டி? அது நடுவில் மூச்சு வாங்கும்.
ஜன்னல் கண்ணாடியை ஈரத்துணியால்
அழுத்தித் துடைக்கும்போது வருமே,
அதை யாரோ நிறுத்த மறந்துவிட்டால்.

"விட்டு விட்டா, ஒரே இழுப்பா?"
"ஒரே இழுப்பு."
"பிரேக்கைத் தொட்டா மாறுதா?"
"இல்ல."

பெல்ட்டைக் கழற்றி எஞ்சினை மெல்ல ஓட விட்டான்.
என்னைப் பார்த்தான். ஒன்றுமில்லை என்று கையசைத்தேன்.
முன் கிளட்ச் தப்பித்தது.
அணைத்துவிட்டு,
"குன்வோர், டிராக்கைக் கையால சுத்து. மெதுவா."

நீளத் திருப்புளியின் முனையை
பின் கிளட்சுக்கு அப்பால் இரும்பில் ஊன்றி
பிடியைத் தாடையெலும்பில் வைத்துக்கொண்டான்.
கண்ணை மூடினான்.
நான் சுற்றினேன்.
செயின் பக்கம்: எண்ணெயில் நழுவும் சங்கிலி, அவ்வளவுதான்.
இடப்பக்கம் வந்ததும்
காதுக்குக் கீழே ஒரு தசை துடித்தது.
"மணல் மாதிரி இருக்கு" என்றான்.
கீச்சென்று நான் கேட்டது
அவன் எலும்பில் மணலாய் இறங்கியிருந்தது.

குறுக்கு ஷாஃப்ட்டின் பேரிங்.
மூடியை நெம்பியதும் செம்பொடி கொட்டியது.
கிரீஸ் இருந்த சுவடே இல்லை,
குண்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தன.
உறையின் மேல் மார்க்கரில் ஒரு தேதி,
அவன் எழுத்து.
நான் பெட்டி கட்டிய வாரம்.

"நாந்தான் போட்டேன்" என்றான்.
சிறிது நேரம் கழித்து, "சரியாப் போடல."

நான் செம்பொடியை விரலில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

புதியது மாட்டினான். ஓட்டினான்.
முப்பது, நாற்பது, அறுபது.
முள்ளை அவன் பார்க்கவில்லை.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
தலையசைக்க நான் கொஞ்சம் தாமதித்தேன்,
ஏனென்று கேட்டால் தெரியாது.

பேரிங்குக்கு நானூற்று எண்பது க்ரோனர்.
கூலி எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.
காசை வைக்கப் போன மேசையில்
ஒரு புதுக் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.
விசில் கிடையாது.
நீர் கொதித்தால் சிவப்பு விளக்கு எரியும் வகை.
எரிந்தது.