கசிந்த அளவு

படிவத்தில் ஐந்து கட்டம் நிரப்பியாயிற்று.
பெயர்: ம. ததேயுஸ்.
வேலை: கம்ப்ரசர் ஆப்பரேட்டர், ராத்திரி ஷிப்ட்.
இடம்: ஐஸ் பிளாண்ட், துறைமுகச் சாலை, குளச்சல்.
நேரம்: இரண்டே கால்.
காரணம்: வால்வின் கழுத்தில் தேய்ந்துபோன பேக்கிங்,
சுண்டுவிரல் நகமளவு.

ஆறாவது கட்டம் கேட்கிறது:
கசிந்த அம்மோனியா எத்தனை கன மீட்டர்?

ஐஸ் என்றால் சொல்லிவிடுவேன்.
ஒரு பார் ஐம்பது கிலோ.
தகரக் கேனிடம் வாங்கிய உருவத்தை
வெளியே வந்தபின்னும் திருப்பித் தராது.
லாரியில் ஏற்றினாலும் படகின் வயிற்றில் இறக்கினாலும்
அதே நீளம், கையைக் கிழிக்கும் அதே மூலை.
உருகும்வரை வீம்பு.

தண்ணீர் என்றாலும் சொல்லலாம்.
உருவத்தைப் பற்றி அதற்கு ரோஷம் கிடையாது.
குடத்தில் குடம், கேனில் கேன்,
சிந்தினால் தரை, என் பூட்ஸுக்குள் போனால் பூட்ஸ்.
அளவில் மட்டும் கறார்.
எங்கள் கணக்கர் பவுலினைப் போல:
தினம் ஒரு சட்டை,
பாக்கி அதே பாக்கி.

இது ரிசீவருக்குள் நெருக்கி அடைத்திருந்தவரை
திரவமாய், சொன்னபடி கேட்டுக்கொண்டு கிடந்தது.
இரண்டு இருபதுக்குக் கம்ப்ரசர் அறையின் உருவம் அதற்கு.
கதவைத் திறந்தேன்
(என் தப்பு, அதையும் எழுதவேண்டும்)
தெருவாகிவிட்டது.
மூன்று மணிக்குள்
வலைக் கொட்டகை, அதன் கூரை இடுக்கு,
செலின் வீட்டு அடுக்களை,
அங்கே கவிழ்த்துவைத்த மீன்சட்டியின் உட்புறம்.
ஹாஜா கடையின் ஷட்டருக்கு அடியில்
விரற்கடை இடைவெளி போதுமாயிருந்தது.
மூன்று வருஷமாய்ப் பேச்சற்ற
வர்க்கீஸ் வீட்டுக்கும் சிலுவைப்பிச்சை வீட்டுக்கும்
ஒரே நேரத்தில் போயிற்று.
மதிலில் பதித்த கண்ணாடிச் சில்லு அதைக் கீறவில்லை.

கோயில் மணி அடித்தார்கள்.
ஊர் மொத்தமும் கடற்கரையில்,
ஈரத் துண்டும் மூக்குமாய்.
யாரோ ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு,
யாரோ டிவியைத் தூக்கிக்கொண்டு.
எல்லார் கண்ணிலும் தாரை தாரையாய் வடிந்தது,
சாவு யார் வீட்டிலும் இல்லை.

நான் முகமூடியோடு உள்ளே.
கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாய் நெடுக நீட்டினேன்.
ஒரே ஒரு இடத்தில்
வெள்ளைப் புகையாய்த் தன்னைக் காட்டிக்கொடுத்தது.
ஸ்பானர்.
முக்கால் சுற்று.
இன்னும் ஒரு கால்.

"ஓய், ஏதாவது ஒரு நம்பர் எழுதும்.
எனக்கு மேலே அனுப்பணுமாக்கும்" என்கிறார் இன்ஸ்பெக்டர்.
எடை கேட்டால் மீட்டரைப் பார்த்துச் சொல்வேன் சார்.
அது எங்கே போனாலும் அதே எடைதான்.
எவ்வளவு இடம் என்று கேட்கிறீர்கள்.
ரெண்டரைக்கு எவ்வளவு என்றா, மூன்றுக்கு எவ்வளவு என்றா?
மேல்காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது,
இந்நேரம் மண்டைக்காடு தாண்டியிருக்கும்.
நமக்கு நாற்றம் தெரியாததால்
தீர்ந்துவிட்டது என்று அர்த்தமா?

அவர் பதில் சொல்லவில்லை. சாயா வரவழைத்தார்.

வெளியே நெத்திலிப் படகுகள் வந்துவிட்டன.
ராத்திரி பாதியில் நின்ற ஐஸையே கேட்டார்கள்:
ஓடு மட்டும் உறைந்து உள்ளே தண்ணீர் குலுங்கும் பார்கள்.
முழுதாய் உறைந்தது நாலைந்து கிடைத்தது.
கண்ணாடிபோல் தெளிந்த கட்டி, அதன் நடுவே
பால் வெள்ளையில் ஒரு தண்டு.
உறைகிற தண்ணீர் கடைசிவரை ஓரங்கட்டி ஓரங்கட்டி
அங்கே சிறைவைத்த காற்று அது.
நீளம் சொல்லலாம், தடிமன் சொல்லலாம்.
இத்தனை வருஷ வேலையில்
உருவமுள்ள காற்றை அங்கேதான் பார்த்திருக்கிறேன்.
டெல்பின் கம்பியால் ஓங்கி ஒரு குத்து.
சிக்கென்று ஒரு சத்தம்.
மீன்மேல் விழுந்தது வெறும் ஐஸ்.

ஆறாவது கட்டத்தில் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தேன்.
இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார்,
முத்திரையைக் குத்தினார்.
மை காயட்டும் என்று
அதன்மேல் மெல்ல ஊதினார்.