தொப்பூர் ஏற்றம்

முதுகில் இருபது டன் இரும்புச் சுருள்.
மூன்றாவது கியரிலேயே மூச்சு முட்டியது.
கண்ணாடி முழுக்கக் கரும்புகை.
பின்னால் வந்த பஸ்காரன்
ஹாரனிலேயே திட்டினான்.

"டீசல் குறையில்லை, காத்துதான் போகுது"
சோப்புத் தண்ணீரை
டர்போ ஹோஸில் தடவினான் அன்வர்பாஷா.
நகக்கண் அளவு கீறல்.
அதன் வழியே
குமிழ் குமிழாக
நாற்பது குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன.

வெட்டி, செருகி, கிளாம்ப் முறுக்கினான்.
முள் ஒன்றரையில் நின்றது.
"இன்னும் கொஞ்சம் ஏத்திவிடேன், பாஷா."
"ஏத்தலாம். கட்டமேட்டுல கேஸ்கட் வெடிச்சா
என்னைக் கூப்பிடாதே."

இருநூற்றைம்பது வாங்கினான்.
நாற்பது குதிரைக்கு மலிவுதான்.

கணவாய்க்குள் மெல்ல விசில் கிளம்பியது.
எரிந்து தீர்ந்த மூச்சு
வெளியேறும் வழியில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு
அடுத்த மூச்சை
அழுத்தி உள்ளே அனுப்புகிற சத்தம்.

நான்காவது கியர் விழுந்தது.