சின்னது

"சின்ன ஒப்பரேசன்தானே?" என்று கேட்டார் சூசைதாசன்,
குருநகர் ஐஸ் கொம்பனியில் கட்டி தூக்குகிறவர்.
"ஓம், சின்னதுதான்.
கவட்டில் ஒரு பிதுக்கம், நாற்பது நிமிசம்.
உள்ளே ஒரு துண்டு வலை வைத்துத் தைப்பினம்."
"வலையோ!" என்று சிரித்தார்.
"எங்கட ஆக்களுக்கு அங்கையும் வலைதான்."

நான் வெட்டுகிறவள் இல்லை, அளக்கிறவள்.
பெரியாஸ்பத்திரியின் பின்பக்கம்,
ஃபேன் ஒரு பக்கம் மட்டும் திரும்புகிற அறையில்,
முன்கையைப் பட்டியால் இறுக்கி
ஐந்து நிமிடம் இரத்தத்தை மறித்து வைப்பேன்.
பிறகு விடுவேன்.
வத்துக் கடலில் பெருக்கு ஏறுவது மாதிரி
ஒரேயடியாய் வரும்.
அப்போது முழங்கைக்கு மேலே ஓடும் நாடி
கொஞ்சம் அகன்று வழிவிட வேண்டும்,
ஒருவரும் கேட்காமலே.
அந்தக் குணத்தைத்தான்
மில்லிமீற்றரில் எழுதி வைக்கிறேன்.

வெட்டுக்கு முதல்நாள்
மூன்று தசம் ஒன்பது, நான்கு தசம் இரண்டாயிற்று.
"அம்பத்தாறு வயசுக்குப் பிழையில்லை" என்றேன்.
உடனே மனுசிக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

வெட்டுக்கு அடுத்தநாள்
தையல் சுத்தம். காய்ச்சல் இல்லை. பிரஷர் சரி.
பெரிய டொக்டர் வாசலில் நின்றே தலையாட்டிவிட்டுப் போனார்.
நான் பட்டியை விட்டேன்.
பெருக்கு வந்தது.
நாடி அசையவில்லை.

இன்னும் கொஞ்சம் ஜெல் பூசிப் பார்த்தேன்.
கறுப்புத் திரையில் அதே இரண்டு வெள்ளைக் கோடு,
இடைவெளி மாறாமல்,
கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நிற்கிறவன் போல.

கத்தி பட்டது கவட்டில்.
கைக்கு ஆர் போய்ச் சொன்னது?

இரத்தம்தான் சொல்லியிருக்கும்;
அது போகாத ஒழுங்கை இல்லை.
நாடியின் உட்சுவரில், ஒற்றைக் கலத் தடிப்பில்
ஒரு தோல் படுத்திருக்கிறது.
அகவணி என்று பாடப்புத்தகத்தில் பேர்.
சின்னது பெரியது பார்க்க அதுக்குத் தெரியாது.
இதயத்தைச் சுற்றும் முடியுரு நாடிகளிலும்
அதே தோல்தான்.

"என்ன பிள்ளை, கதையைக் காணேல்லை?"
பெறுபேறுகளைப் பங்குபற்றுவோருக்குச் சொல்லப்படாது.
படிவத்தில் கீழே என் கையெழுத்து இருக்கிறது.
"நாளைக்கு வேலைக்குப் போவியளோ?"
"கட்டி தூக்கமாட்டன்.
ஏணியில ஏறி நிண்டு எண்ணுவன், அவ்வளவுதான்."
"ஒரு கிழமைக்கு ஏணியும் வேண்டாம்."
"தையலுக்காகவோ?"
"தையலுக்குத்தான்" என்றேன்.

எட்டாம் நாள் வந்தார்,
ஆய்வுக்காரர் தரும் பஸ் காசுக்கு.
கையில் ஒரு பை, ஐஸுக்குள் திரளி மீன்.
"உங்கட ஜெல் எங்கட ஐஸை விடக் குளிர், தங்கச்சி."
இறுக்கினேன். காத்திருந்தோம். விட்டேன்.
நான்கு தசம் ஒன்று.
வந்திருக்கிறது.
முழுக்க வரவில்லை.

"ஏணியில ஏறினியளோ?"
"சீச்சீ" என்று சொல்லி ஃபேனைப் பார்த்தார்.

நான் எண்ணை எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.
நிலத்தில் வைத்த பையிலிருந்து தண்ணீர் கசிந்து
என் கதிரைக்காலைத் தொட்டிருந்தது.